புது எஸ்பிரசோ மெஷினை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

நிறைய செலவழித்து வீட்டுக்கு இரட்டை பாய்லர் எஸ்பிரசோ மெஷின் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: இவ்வளவு கொடுத்து வாங்கியும் ஏன் புளிக்கிறது? மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து சூட்டை ஏற்றுவார்கள், அழுத்தத்தைக் குறைப்பார்கள், தூளின் அளவை மாற்றுவார்கள், எல்லாவற்றையும் ஒரே காலையில். அப்புறம் எது எதனால் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. விலை உயர்ந்த மெஷின் கொடுக்கும் பெரிய வசதி, சூடும் அழுத்தமும் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கும் என்பது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மெஷினை ஒரு நிலையில் நிறுத்திவிட்டு முதலில் அரைவையை மட்டும் நகர்த்துங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாமே அதற்கான ஏற்பாடுதான்.

எந்த மெஷினை மனதில் வைத்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இ61 குரூப் (வெந்நீர் காப்பித்தூளில் இறங்கும் தலைப்பகுதி), காப்பிக்கு ஒன்று ஆவிக்கு ஒன்று என்று இரண்டு பாய்லர், சூட்டைக் கட்டுப்படுத்த பி.ஐ.டி., சுழல் பம்ப். ப்ரொஃபிடெக், ஈ.சி.எம்., ராக்கெட், லெலிட் என்று பல கம்பெனிகள் இந்த அமைப்பில் மெஷின் செய்கின்றன. முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் குரோம் பூசிய அந்தக் கனமான பித்தளைப் பகுதிதான் இ61. இத்தாலியின் ஃபயேமா கம்பெனி 1961-இல் கொண்டுவந்தது, அந்த வருஷம் பிப்ரவரியில் அங்கே தெரிந்த சூரிய கிரகணத்தின் நினைவாக வைத்த பெயர். அறுபது வருஷம் தாண்டியும் உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாம். எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம் இருப்பதற்கு அதுதான் காரணம். லா மார்ஸோக்கோ போல வேறு வகைக் குரூப் உள்ள மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் சூடேறும் நேரமும் சில பராமரிப்பு வேலைகளும்தான் மாறும், மற்றதெல்லாம் பொருந்தும்.

பிளக்கைச் சொருகும் முன்

ஐரோப்பாவிலிருந்து வரும் மெஷினில் உருண்டையான இரண்டு முனை பிளக் இருக்கும். அதன் எர்த் தொடர்பு பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண கன்வெர்ட்டரில் சொருகினால் மெஷின் ஓடும், ஆனால் எர்த் இணைந்திருக்காது. தண்ணீர், ஹீட்டர், உலோக உடம்பு மூன்றும் சேர்ந்த ஒரு பொருளை எர்த் இல்லாமல் தொடுவது உயிரோடு விளையாடுவது. வாரண்டி பாதிக்குமா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் மூன்று முனை பிளக்காக மாற்றச் சொல்லுங்கள், அந்த பிளக்பாயிண்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

முதல்முறை சுவிட்சைப் போடும்போது ஸ்டீம் பாய்லர் தானாகத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். காப்பி பாய்லரை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்: குரூப்பின் பக்கத்தில் இருக்கும் நெம்பியை மேலே தூக்கி, குரூப்பிலிருந்து தண்ணீர் இடைவிடாமல் வரும்வரை விடுங்கள். காலி பாய்லரில் ஹீட்டர் ஓடினால் கருகிவிடும். கையேட்டில் இதற்கு ஒரு வரிசை கொடுத்திருப்பார்கள், அதை அப்படியே செய்யுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் அவசரம் கூடாது

இந்த மெஷின்களைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்குத்தான். வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவு பாய்லருக்குள்ளும் மெல்லிய குழாய்களிலும் படியும், கண்ணுக்குத் தெரியாது, தெரியவரும்போது வால்வு அடைத்திருக்கும். சரி, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவிடலாமே என்றால் அதிலும் சிக்கல் இருக்கிறது. ஸ்டீம் பாய்லரில் தண்ணீர் மட்டத்தைக் கண்டுபிடிக்கும் கம்பி, தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் வேலை செய்கிறது. உப்பே இல்லாத தண்ணீரில் அது கடக்காது, பாய்லர் காலி என்று மெஷின் நினைத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டே இருக்கும். தாதுவே இல்லாத தண்ணீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கவும் செய்யும், காப்பியும் சப்பென்று இருக்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. தாது அநேகமாக இல்லாத நல்ல தண்ணீரை எடுத்து, ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்ப்பது. சுண்ணாம்புக்கு வேண்டிய கால்சியம் அதில் இல்லாததால் படிவு வராது, பைகார்பனேட் இருப்பதால் அரிப்பும் கட்டுப்படும், மட்டக் கம்பிக்கும் வேண்டிய உப்பு கிடைத்துவிடும். 100 மில்லிகிராமை வீட்டில் எடை போட முடியாது என்பதால் இப்படிச் செய்யுங்கள்: உணவுத் தரத்தில் கிடைக்கும் பொட்டாசியம் பைகார்பனேட் 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். மெஷினுக்கு ஊற்றும் ஒவ்வொரு லிட்டரிலும் அந்தக் கரைசலில் 10 மில்லி. கணக்கு சரியாக வந்துவிடும். சிறுநீரகப் பிரச்சினையால் பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு ஆர்.ஓ. கருவியில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, கூட்டும் திருகு ஒன்று இருக்கும், அதைத் திறந்து வைத்தால் சுத்திகரித்த தண்ணீரோடு கடினமான தண்ணீரும் கலந்துதான் வரும். டி.டி.எஸ். மீட்டர் விலை அதிகமில்லை, ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். அது 20, 30-க்குள் இருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். கேன் தண்ணீர் ஒவ்வொரு கேனுக்கும் மாறும், அதை நம்பி இந்த மெஷினை ஓட்டக் கூடாது. பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் குடிப்பதற்கானது இல்லை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கொட்டை, கிரைண்டர்

கிரைண்டருக்குப் பணம் ஒதுக்காமல் எல்லாவற்றையும் மெஷினில் போட்டுவிட்டீர்கள் என்றால், ஒரு படி குறைந்த மெஷினும் நல்ல கிரைண்டரும் வாங்கியிருக்கலாம் என்பதே என் கருத்து. மிக்சியில் அரைத்தது ஆகாது. காப்பிக்கடையில் ஃபில்டருக்காக அரைத்துக் கொடுக்கும் தூளும் ஆகாது: நமக்கு வேண்டிய அளவுக்கு நகர்த்த முடியாது, சிக்கரி கலந்திருந்தால் ஈரமானதும் குழைந்து பாஸ்கெட்டை (தூள் போடும் ஓட்டைக் கிண்ணம்) அடைக்கும். எஸ்பிரசோவுக்கென்று படியில்லாமல், அல்லது மிக நெருக்கமான படிகளில் நகரும் கிரைண்டர் வேண்டும். நல்ல கை கிரைண்டர்கூடப் போதும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கப்தான் என்றால்.

கொட்டை வாங்கும்போது பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சிக்மகளூர், குடகு, ஏற்காடு, நீலகிரி, பழனி மலைக் கொட்டைகளைத் தேதி போட்டு விற்கும் சிறு வறுவல்காரர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். வறுத்த மறுநாளே போட்டால் உள்ளே இருக்கும் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு வந்து ஓட்டத்தைக் குழப்பும். ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள், அதன்பின் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். கற்றுக்கொள்ளும்போது நடுத்தர வறுவலாக, ஒரே கொட்டையை ஒரு கிலோ வாங்குங்கள். 250 கிராம் பாக்கெட் நான்கு விதமாக வாங்கினால், ஒவ்வொன்றும் பிடிபடும் நேரத்தில் தீர்ந்துவிடும்.

சூடேற விடுங்கள்

பி.ஐ.டி. திரையில் 93 என்று பத்து நிமிஷத்திலேயே வந்துவிடும். அதை நம்பிப் போட்டால் புளிப்புதான். பாய்லர் சூடாகிவிட்டது, ஆனால் கிலோக்கணக்கில் எடையுள்ள குரூப் இன்னும் ஆறிக் கிடக்கிறது, வரும் தண்ணீரின் சூட்டையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடுங்கள், பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைக் குரூப்பில் பூட்டியே வையுங்கள், அதுவும் சேர்ந்து சூடாகட்டும். சாதாரண சுவிட்ச் உள்ள மெஷின் என்றால் 16 ஆம்பியர் தாங்கும் டைமர் பிளக் போட்டு, எழுந்திருப்பதற்கு முன்பே ஆன் ஆகும்படி வைத்துவிடலாம். முந்தின இரவே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சூடேறும்போது மேலிருந்து உஸ்ஸென்று கொஞ்ச நேரம் ஆவி வந்து டக்கென்று நிற்கும், அது காற்று வெளியேற்றும் வால்வு. யாரும் தொடாமலே அழுத்த முள் மெல்ல ஏறும், தண்ணீர் சூட்டில் விரிவதால். இரண்டும் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

முதல் ஷாட்

ஷாட் என்பது ஒரு தடவை இறக்கும் எஸ்பிரசோ. அதற்கு ஒரு தராசு வேண்டும், 0.1 கிராம் வரை காட்டுவது, கப்புக்கு அடியில் வைக்கும் அளவு சிறியது. இதைத் தவிர்த்துவிட்டு எதையும் சரிசெய்ய முடியாது.

18 கிராம் பாஸ்கெட்டில் 18 கிராம் தூள். கப்பில் 36 கிராம் இறங்கியதும் நிறுத்த வேண்டும். நெம்பியைத் தூக்கியதிலிருந்து நிறுத்தும்வரை 25 முதல் 30 விநாடி. இந்த மூன்று எண்களில் முதல் இரண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்றாவது அரைவையைப் பொறுத்துத் தானாக வரும். 15 விநாடியிலேயே 36 கிராம் வந்துவிட்டதா, அரைவையைப் பொடியாக்குங்கள். 45 ஆகிறதா, கொஞ்சம் கொரகொரப்பாக்குங்கள். மற்ற எதையும் தொடக் கூடாது. கிரைண்டரைப் பொடிப்பக்கம் திருப்பும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் மாட்டிய கொட்டைத் துண்டுகள் பற்களை இறுக்கிவிடும். திருப்பிய பிறகு முதலில் வரும் மூன்று நான்கு கிராம் பழைய அரைவை, அதைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததை எடை போடுங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இது: திருப்பியும் மாறவில்லையே என்று இன்னும் திருப்பி, அடுத்த ஷாட்டில் ஒரு சொட்டுக்கூட இறங்காமல் நிற்பார்கள்.

ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்க, அடிப்பாகம் வெட்டிய போர்ட்டாஃபில்டர் ஒன்று வாங்குங்கள். நன்றாக அமைந்த ஷாட்டில் ஆறேழு விநாடி வரை ஒன்றும் வராது. அப்புறம் பாஸ்கெட்டின் அடியில் ஓரங்களிலிருந்து கரும்பழுப்புத் துளிகள் வியர்த்து, ஒன்றையொன்று தொட்டு, நடுவுக்கு நகர்ந்து ஒரே கூம்பாகச் சேர்ந்து எலிவால்போல் இறங்கும். நிறம் கரும்பழுப்பிலிருந்து செம்பழுப்புக்கும் பிறகு வெளிர் மஞ்சளுக்கும் மாறிக்கொண்டே வரும். முடிபோன்ற மெல்லிய பீய்ச்சல் ஏதாவது பக்கவாட்டில் தெறித்தால், தண்ணீர் தூளுக்குள் ஓர் ஓட்டை கண்டுபிடித்து அதன் வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் தூளின் சாரம் அளவுக்கு மீறி இறங்கிக் கசக்கும், மற்ற இடத்தில் போதாமல் புளிக்கும். ஒரே வாயில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் அரைவையைத் தொடாதீர்கள், தூளைப் பரப்பிய விதத்தைப் பாருங்கள்.

அதற்கு வேண்டியது மெல்லிய ஊசிகள், 0.3 அல்லது 0.4 மில்லிமீட்டர் தடிமன், ஒரு கைப்பிடியில் ஐந்தாறு செருகியது. பாஸ்கெட்டின் அடிவரை விட்டுச் சின்னச் சின்ன வட்டமாகக் கிளறி, கட்டிகளை உடைத்து, மெல்ல மேலே வந்து மேல்பரப்பைச் சமமாக்குங்கள். டேம்பரால் அமுக்கும்போது எவ்வளவு பலமாக என்பதைவிட எவ்வளவு மட்டமாக என்பதுதான் முக்கியம். தூள் இனி அமுங்காது என்று கைக்குத் தெரியும் வரை போதும். அமுக்கிய பின் போர்ட்டாஃபில்டரைத் தட்டாதீர்கள், ஓரம் விட்டுக்கொள்ளும். கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி அரைத்தால் தூள் நாலாபக்கமும் ஒட்டிப் பறப்பது குறையும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாகக் கொட்டையை எடை போட்டு அரைக்கிறவர்களுக்கு மட்டும் இது.

18 கிராம் உங்கள் பாஸ்கெட்டுக்கு அதிகமா என்று தெரிய வேண்டுமானால், அமுக்கிய தூளின் மேல் கழுவித் துடைத்த நாணயம் ஒன்றை வைத்து, குரூப்பில் பூட்டி, தண்ணீர் விடாமல் கழற்றிப் பாருங்கள். நாணயம் தூளுக்குள் பதிந்திருந்தால் மேலே இடம் போதவில்லை, ஒரு கிராம் குறையுங்கள்.

ருசியைக் கேட்டு நகர்த்துவது

எண்கள் சரியாக வந்த பிறகுதான் ருசி. குடிக்கும் முன் கரண்டியால் கலக்குங்கள், எஸ்பிரசோ கப்பில் அடுக்கடுக்காக நிற்கும், மேலே ஒரு ருசி அடியில் ஒரு ருசி.

கூர்மையாகப் புளித்து, நீர்த்து, வாயில் நிற்காமல் போனால் சாரம் போதவில்லை. அரைவையைக் கொஞ்சம் பொடியாக்குங்கள். விநாடி சரியாக இருந்தும் புளித்தால், அதே அரைவையில் 36-க்குப் பதில் 40 கிராம் வரை விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சூட்டை ஒரு டிகிரி ஏற்றுங்கள். கசந்து, நாக்கை வறட்டினால் இதையே தலைகீழாக. இந்த வரிசை முக்கியம்: அரைவை, பிறகு கப்பின் எடை, பிறகு சூடு. அரைவையை நகர்த்தினால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஒரு டிகிரி சூடு தருவது சின்ன வித்தியாசம். பெரியதைச் சரிசெய்யாமல் சின்னதில் கைவைத்தால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு ஷாட்டையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தூள், கப், விநாடி, ருசி இரண்டு வார்த்தை.

ஆரம்பச் சூடு, நடுத்தர வறுவலுக்கு 92, 93. கருக வறுத்ததற்கு 88 முதல் 90. வெளிர் வறுவலுக்கு 94 முதல் 96. ஒரு விஷயம், திரையில் தெரிவது பாய்லரின் சூடு, தூளில் விழும் தண்ணீர் அதைவிடச் சில டிகிரி குறைவு. சில மெஷினில் இந்த வித்தியாசத்தைக் கழித்தே காட்டுவார்கள், சிலவற்றில் இல்லை, கையேட்டைப் பாருங்கள்.

அழுத்தமும் ஓட்டமும்

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மேலே சொன்னதெல்லாம் கைக்கு வந்து, ஒரே மாதிரி ஷாட் அடுத்தடுத்து வந்த பிறகுதான் இதனால் பலன். ஓட்டையில்லாத பாஸ்கெட்டைப் பூட்டி நெம்பியைத் தூக்கினால் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் பம்பின் அழுத்தம். 9 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது வழக்கம். 10, 11 என்று காட்டினால் குறைப்பது நல்லது. சுழல் பம்பில் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும், பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல் முள்ளைப் பார்த்து நிறுத்துங்கள். மேல்மூடியைக் கழற்ற வேண்டிய மெஷின் என்றால் ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்புங்கள், மூடிய பிறகு அளங்கள். தூள் பரப்புவதில் சின்னக் குறை இருந்தால் 8 அல்லது 8.5 பாரில் அது அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது, எனக்கு அதுதான் பிடித்தமான அளவு.

ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திருகு அல்லது துடுப்பு குரூப்பின் தலையில் இருந்தால், முதலில் மெல்ல விட்டு, இரண்டு மூன்று பாரில் தூள் முழுக்க நனைந்து முதல் துளிகள் தெரிந்ததும் திறந்துவிடுங்கள். வெளிர் வறுவலில் இதனால் அரைவையை இன்னும் பொடியாக்க முடியும், புளிப்பு இனிப்பாகத் திரும்பும். முடியும் தறுவாயில் ஓட்டத்தைக் குறைத்தால் கடைசிக் கசப்பு இறங்காது. இந்த ஷாட் 40, 45 விநாடி போகும், அது தப்பில்லை.

பால்

ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பாக்கெட் பால்தான் வேண்டும். காய்ச்சி ஆறவைத்த பாலில் ஏடு கட்டியிருக்கும், நுரை வழவழப்பாக வராது. 4.5 சதவீதக் கொழுப்புள்ள ஸ்டாண்டர்டைஸ்டு பால் எனக்குச் சரியாக வருகிறது. ஸ்டீம் குழாயை முதலில் ஊதவிட்டுத் தேங்கிய தண்ணீரைத் தள்ளுங்கள். நுனி பாலின் மேல்பரப்பைத் தொட்டபடி சில விநாடி காற்று வாங்கட்டும், அப்புறம் கொஞ்சம் அமிழ்த்திச் சுழலவிடுங்கள். கிண்ணம் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள், அது 60 டிகிரி பக்கம். உடனே ஈரத்துணியால் துடைத்து மறுபடி ஊதுங்கள், ஒரு நிமிஷம் விட்டால் பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கழுவுவதும் மாற்றுவதும்

ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் தூளைத் தட்டிவிட்டு, குரூப்பில் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டு, அதன் அடியில் இருக்கும் சல்லடையைத் துடையுங்கள். நாள் முடிவில் ஓட்டையில்லாத பாஸ்கெட்டைப் பூட்டி, வெறும் தண்ணீரில் நாலைந்து தடவை நெம்பியைத் தூக்கி இறக்குங்கள், எண்ணெய்ப்பிசுக்கு பின்வழியாக வெளியேறும். இதற்கான பவுடரைப் போட்டுக் கழுவுவது இ61-இல் அடிக்கடி வேண்டாம், மாதம் ஒன்றிரண்டு தடவை போதும். பவுடர் பிசுக்கோடு சேர்த்து நெம்பியின் உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். நெம்பி கிறீச்சிட்டால் அல்லது இறுகினால், அதைக் கழற்றி உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டிய நேரம்.

ஸ்டீம் பாய்லரில் ஆவி மட்டும் வெளியேறி உப்பு தங்கிவிடும், ஆகவே வாரம் ஒருமுறை வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு பெரிய சொம்பு பிடித்துக் கொட்டுங்கள். தண்ணீரைச் சரியாக வைத்திருந்தால் படிவு நீக்கும் அமிலமே தேவைப்படாது. தேவைப்படும் நிலை வந்தால் இரட்டை பாய்லர் மெஷினில் நீங்களாக ஊற்றாதீர்கள், பெயர்ந்து வரும் படிவுத் துண்டுகள் குறுகலான வழிகளில் போய் அடைக்கும், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். கீழ்த்தட்டை இரவில் காலிசெய்து கழுவி வையுங்கள், இல்லையென்றால் எறும்பு வரும். சூடான மெஷினுக்கு அடியில் கரப்பானும் குடியேறும், அது உள்ளே சர்க்யூட் பலகை வரை போய்விடும்.

போர்ட்டாஃபில்டரைப் பூட்டும்போது கைப்பிடி நேராக நிற்காமல் வலப்பக்கம் வெகுதூரம் போனால், அல்லது ஓரத்தில் தண்ணீர் கசிந்தால், ரப்பர் கேஸ்கெட் போய்விட்டது. இ61-க்குப் பெரும்பாலும் 8.5 மில்லிமீட்டர் தடிமன். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், சிலிக்கானில் வருவது இன்னும் நீடிக்கும், பழையது கெட்டியாகிவிட்டால் ரப்பரில் ஒரு சிறிய திருகாணியை ஏற்றி அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். மெஷின் ஆர்டர் போடும்போதே இரண்டு கேஸ்கெட்டும் ஒரு சல்லடையும் சேர்த்து வாங்கி வையுங்கள், வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால் அதன் விலையைவிடக் கூரியர் செலவு அதிகம்.